சாராயம் குடித்த கார்

எங்கள் மாலா ரேகா ஊரில் தேசிமிரின் காரைப் பற்றிக் கேள்விப்படாதவர் ஒருவர் இருந்தால், அவருக்குக் காது கேட்காது என்று பொருள். அப்படிப்பட்டவருக்கும் தேசிமிர் கையைக் காலை ஆட்டி விளக்கியிருப்பான். மர அறுவை மில்லில் வாசல் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவன் அவன். மில்லுக்குள் ஓடிய எந்த இயந்திரத்தையும் அவனைத் தொட விட்டதில்லை. அந்த ஏக்கத்தையெல்லாம் சேர்த்துவைத்து, வீட்டு முற்றத்தில் நின்ற சிவப்புக் காரின்மேல் கொட்டினான். எங்கள் நாடு பெரியதாக இருந்த காலத்தில் எங்கள் ஆட்களே செய்த கார் அது. நாடு துண்டு துண்டாகப் போயிற்று, கார் ஒரே துண்டாக நின்றது. அதற்கும் தானே காரணம் என்பது தேசிமிரின் எண்ணம்.

"இந்தக் கார்மேல ஒரு வொர்க்‌ஷாப்காரன் கை பட்டது கிடையாது" என்பான். காலையில் ரொட்டிக் கடையில் சொல்வான், மதியம் என் தீவனக் கடையில் சொல்வான், சாயந்திரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மறுபடியும் எனக்கே சொல்வான். பக்கத்து வீட்டுக்காரனாகப் பிறந்த பாவத்துக்கு நானும் தலையாட்டுவேன்.

வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம், ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் எங்கள் ஊர்க் குளிரில் உறைந்து இன்ஜினைப் பிளந்துவிடும். அதற்காகத்தான் கூலன்ட் ஊற்றுகிறோம். தேசிமிருக்குக் கூலன்ட் என்பது வியாபாரிகள் சாயம் கலந்து விற்கும் தண்ணீர். எங்கள் பக்கம் நல்ல பிளம் சாராயத்தைப் புட்டியில் குலுக்கினால் கழுத்தோரம் மணிமணியாக நுரை கட்டி நிற்கும். சரக்கின் தரத்தை அதை வைத்துத்தான் சொல்வோம். ஒரு நாள் அவன் என் கடைக்கு வந்து, அலமாரியிலிருந்து ஒரு கூலன்ட் பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கினான்.

"மணியே கட்டலையேப்பா. இதையா காசு குடுத்து வாங்குறானுங்க?"

"அது குடிக்கிறதுக்கு இல்ல தேசிமிர். குளிருக்கு."

"குளிருக்குத்தானே நாமளும் குடிக்கிறோம்?"

நான் பாட்டிலை வாங்கி அலமாரியில் திருப்பி வைத்தேன். பதில் தெரியாதவன் எல்லாம் தோற்றவன் என்பது அவன் கணக்கு.

ஆகவே ஒவ்வொரு நவம்பரிலும் மித்ரோவ் திருநாளன்று அவன் வீட்டு முற்றத்தில் ஒரு சடங்கு நடக்கும். பிளம் ஊறலைக் காய்ச்சும்போது முதலில் சொட்டும் சரக்கை நாங்கள் யாரும் குடிக்க மாட்டோம், குடித்தால் கண் போகும். ஜன்னல் துடைப்போம், முழங்காலில் தேய்ப்போம். தேசிமிர் அதைக் குடுவையில் சேர்த்துவைத்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, ஞானஸ்நானம் செய்விப்பவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரேடியேட்டரில் ஊற்றுவான். அடுத்த நாளே செம்புப் பானையைத் தூக்கிக்கொண்டு மாமனார் ஊருக்குக் காய்ச்சக் கிளம்பிவிடுவான், ஒரு வாரத்துக்கு ஆள் வரமாட்டான்.

திரும்பி வந்ததும்தான் அற்புதம். எங்களை மறுபடி கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டுவான். உள்ளே பச்சை. நல்ல துலக்கமான, வசந்தகாலத்துப் புல் போன்ற பச்சை.

"செம்புடா அது, செம்பு! வடிக்கிற பானை செம்பு, ரேடியேட்டர் செம்பு. ஒண்ணை ஒண்ணு அடையாளம் கண்டுக்குது. உள்ள போய்ப் பழுத்தாத்தான் சாராயம் பச்சையாகும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள், தேசிமிரின் முயலுக்கு மணியும் கட்டும், பச்சையும் பிடிக்கும். கார் மட்டும் எந்தக் குளிரிலும் அவனைக் கைவிட்டதில்லை. அதைப் பார்த்து ஏமாந்த எதிர்வீட்டு போகொசாவ் தன் காரிலும் முதல் சரக்கை ஊற்றினான். ஒரு மாதம் காத்திருந்தும் பச்சையாகவில்லை. பெரிய மேட்டில் ஏறும்போதெல்லாம் கொதித்துக் கொட்டியது, கொட்டிய இடத்தை அவன் தண்ணீர் விட்டு நிரப்பினான், ஜனவரியில் ரேடியேட்டர் வெடித்தது. அழாத குறையாக வந்து நின்றவனிடம் தேசிமிர் சொன்ன ஆறுதல்: "உன் பிளம் சரியில்ல. மழையில பொறுக்கியிருப்ப."

தேசிமிருக்கு ஒரே மகன், ராஸ்ட்கோ. போன வருஷம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மலைக்கு அந்தப் பக்கம் யாசேனா என்கிற ஊரில் பெண், பெயர் திவ்னா, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். கல்யாணம் நவம்பர் கடைசி ஞாயிறு. அதற்கு அடுத்த சில நாளில் கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கிவிடும், பிறகு ஜனவரி பாதி வரை தேவாலயத்தில் கல்யாணம் கிடையாது. அதனால் அன்றைக்கு எங்கள் பாதிரியாருக்கு மூன்று கல்யாணம். ராஸ்ட்கோவுடையது நடுவில், ஒரு மணிக்கு.

மகன் வெள்ளைக் கார் ஒன்றை வாடகைக்குப் பேசி வைத்திருந்தான். தேசிமிர் ஒரே வார்த்தையில் அதை முடித்துவிட்டான். மணப்பெண் இந்த வீட்டுக்கு வந்தால் சிவப்புக் காரில்தான் வருவாள், ஓட்டுகிறவன் தானாகத்தான் இருப்பான். அவனுக்கு மகன் கல்யாணத்தைவிட அது பெரிய விஷயம். வாழ்நாள் முழுக்கப் பேசிய பேச்சுக்கு அன்றைக்கு ஊரே சாட்சியாக நிற்கப்போகிறது அல்லவா?

அந்த வருஷம் மித்ரோவ் திருநாள் சடங்குக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். தேசிமிர் குடுவையைத் தூக்கும்போது, அவன் மனைவி விதோசாவா சமையலறை வாசலில் கை துடைத்துக்கொண்டே நின்றாள். சிறிய உருவம், பேச்சு அதைவிடச் சிறியது.

"மேட்டுல ஏறப்போற காரு. இந்தத் தடவை ஒழுங்கா கூலன்ட் ஊத்தேன் மனுஷா" என்றாள்.

எல்லோரும் பார்க்கிறார்கள். தேசிமிர் குடுவையை இறக்காமலே சிரித்தான்.

"கேட்டீங்களாய்யா? அடுப்புக்கும் ஊறுகாய்க்கும் மேல இவளுக்கு என்ன தெரியும்? இந்தா பாரு, பொண்ணு வந்து ஏறுற வரைக்கும் எந்தப் பொம்பளை கையும் என் காருகிட்ட வரக்கூடாது. சொல்லிட்டேன்."

கூட்டம் சிரித்தது. விதோசாவா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "சரி, வரல" என்றாள். ஈரக் கையை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தேசிமிர் காய்ச்சிவிட்டுத் திரும்பி வந்து மூடியைத் திறந்தான். பச்சை இல்லை. கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது.

"அப்பா, பச்சையாகலையே" என்றான் ராஸ்ட்கோ.

"இந்த வருஷம் குளிர் லேட்டு. ஆகும்."

கல்யாணத்துக்கு முந்தின நாளும் ஆகவில்லை. எதற்கும் விளக்கம் வைத்திருப்பவனுக்கு அதற்கும் ஒன்று கிடைத்தது: கார் பரபரப்பாக இருக்கிறதாம்.

எங்கள் வழக்கப்படி, பெண் அழைக்கப் போகும் ஊர்வலம் போன வழியே திரும்பக் கூடாது. திரும்பினால் பெண்ணும் ஒரு நாள் திரும்பிப் போய்விடுவாள் என்பார்கள். யாசேனாவுக்கு இரண்டே சாலை. ஒன்று ஆற்றோரம், சமதளம். மற்றது ஓநாய்க் கணவாய் வழியாக, ஏற ஏற முடியாத மேடு. புத்தியுள்ளவன் பெண் இல்லாத வெறும் காரோடு மேட்டில் போய், பெண்ணோடு ஆற்றோரம் வருவான். தேசிமிர் நேர்மாறு. கணவாய் உச்சியில் போட்டோக்காரனை நிற்கச் சொல்லியிருந்தான். சிவப்புக் கார், வெள்ளைப் பனி, உள்ளே மணப்பெண், ஓட்டுகிறவன் தேசிமிர். அந்தப் படத்துக்குச் சட்டம்கூட வாங்கி வைத்தாகிவிட்டது.

பெண்ணின் பெட்டிகளை ஏற்றிவர என் தீவன வேனை அழைத்திருந்தார்கள். ஊர்வலத்தின் வால் அதுதான். காலையில் கிளம்பும்போது விதோசாவா வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். முறைப்படி, மாமியாராகத் தன் வீட்டு வாசலிலேயே நின்று மருமகளை வரவேற்க வேண்டியவள். காலடியில் துணி போர்த்திய ஒரு கேன்.

"என்ன அது?"

"வழிக்கு வேணும். நீங்க ரோட்டைப் பாருங்க அண்ணே."

யாசேனாவில் தாமதமாயிற்று. பெண் வீட்டு மரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஆப்பிளை மாப்பிள்ளை துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ராஸ்ட்கோ ஆப்பிளைத் தவிர எல்லாவற்றையும் சுட்டான். ஒரு வழியாகப் பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. முன்னால் சிவப்புக் கார். அதில் தேசிமிர், அவன் பக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே கல்யாணக் கொடியை நீட்டிக்கொண்டு விதோசாவாவின் தம்பி மிலூட்டின், பின்னால் திவ்னா. அடுத்த காரில் மாப்பிள்ளை. பிறகு ஊர் ஜனம், பிறகு ஊதுகுழல் கோஷ்டி, கடைசியில் நானும் விதோசாவாவும்.

கணவாயின் பாதி மேட்டில், உச்சிக்கு இரண்டு வளைவு மிச்சமிருக்கும்போது, முன்னால் வெள்ளையாக ஒரு மேகம் எழுந்தது. நான் பனி என்று நினைத்தேன். பிறகு காற்று இந்தப் பக்கம் திரும்பியது. பிளம். சுத்தமான, கொதிக்கிற பிளம் சாராயத்தின் வாசனை.

"கொதிச்சிருச்சு" என்றாள் விதோசாவா. அடுப்பில் பால் சட்டியைப் பார்த்துச் சொல்கிற குரல் அது.

ஊர்வலம் நின்றது. போட்டோ எடுக்க நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து ஊதுகுழல்காரர்கள் இறங்கி முழு மூச்சில் வாசிக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் முன்னால் ஓடிப்போய்ப் பார்த்தால், ஹீட்டர் வழியாக ஆவி உள்ளே வந்து, திவ்னா கண்ணில் நீர் வழிய, முக்காட்டைப் பிடித்துக்கொண்டு இருமியபடி வெளியே நிற்கிறாள். மிலூட்டின் கொடியை ஊன்றிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான்.

"சத்தியமா நான் குடிக்கல. காரு குடிச்சிருக்கு மச்சான்!"

தேசிமிர் பானெட்டைத் திறந்து, கைக்குட்டையைச் சுற்றி மூடியின்மேல் கை வைத்தான்.

"மாமா, சூடா இருக்கும்போது மூடியத் தொடாதீங்க!" என்று திவ்னா கத்தினாள்.

"நாற்பது வருஷமா தொடுறேம்மா, எனக்கு..."

மிச்சத்தை மூடி பேசிற்று. நல்லவேளை, கொதித்துப் பீறிட்டது கையைச் சுட்டதோடு போயிற்று. அவன் பனிக்குள் கையை முழங்கை வரை சொருகிக்கொண்டு உட்கார்ந்தான். பெருமைக்குரிய மீசையிலிருந்து சாராயம் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கப் பார்க்கவில்லை.

"என்ன ஊத்தியிருக்கீங்க மாமா?" என்றாள் திவ்னா.

சொன்னான். அவள் முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள்.

"சாராயம் தண்ணிக்கு முன்னாடியே கொதிக்குமே மாமா. நீங்களே காய்ச்சுறவர்தானே? அப்படித்தானே வடிக்கிறீங்க?"

வாழ்நாளெல்லாம் சாராயம் வடித்த மனிதன் கையை இன்னும் ஆழமாகப் பனிக்குள் சொருகினான்.

மணி பன்னிரண்டரை. இன்ஜின் ஆற வேண்டும், பிறகு எதையாவது ஊற்ற வேண்டும். எதை? அத்தனை கார்களிலும் தேடினோம். குடுவை இருந்தது, புட்டி இருந்தது, கொடிக்காரனின் கழுத்தில் மரக்குப்பி இருந்தது. எல்லாம் சாராயம். பனியை உருக்கி ஊற்ற அடுப்பும் இல்லை, நேரமும் இல்லை. கல்யாணத்துக்குத் தண்ணீர் எடுத்துப் போகிற கேவலம் எங்கள் ஊரில் எவனும் செய்யமாட்டான். "இதையே ஊத்து மச்சான், இது ரெண்டாம் வடி, நல்லா மணி கட்டும்" என்று மிலூட்டின் தன் குப்பியை நீட்டினான்.

ராஸ்ட்கோவின் போன் அடித்தது. பாதிரியார். மூன்றாவது ஜோடி சீக்கிரமே வாசலில் வந்து நிற்கிறதாம், ஒன்றரைக்கு மேல் ஒரு நிமிஷம் காத்திருக்க முடியாதாம். விட்டால் ஜனவரிதான். "பொண்ணை வேற காருல ஏத்திடலாம்பா" என்றான் மகன். தேசிமிரின் முகத்தை அப்போது பார்த்தேன். அவ்வளவு நேரம் அவனைக் கண்டு சிரித்த எனக்கே சங்கடமாகப் போயிற்று. கை சுட்டபோதும் வராத கண்ணீர் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது.

அப்போதுதான் விதோசாவா மேட்டில் மெதுவாக ஏறி வந்தாள். கையில் கேன். காருக்கு நாலடி தள்ளிப் பனியில் அதை வைத்து, துணியை எடுத்தாள். உள்ளே பச்சை தெரிந்தது. பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள்.

அதைப் பார்த்ததும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் என் கடையில் கூலன்ட் வாங்குவாள். தம்பியின் டிராக்டருக்கு என்பாள். மிலூட்டின் டிராக்டரை விற்றுத் தின்று எத்தனையோ வருஷம் ஆகிறது.

"விதோ, எந்திரி. நேரமாச்சு" என்றான் தேசிமிர்.

அவள் ஆகாயத்தைப் பார்த்தாள்.

"டேய் ராஸ்ட்கோ, உங்கம்மாகிட்ட அதை வாங்கு."

மகன் ஓரடி வைத்தான், அம்மா பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டான். திவ்னா போனாள். "அத்தை, குடுங்களேன், நான் ஊத்துறேன்."

"நீ கேக்க வேண்டாம் கண்ணு. எந்தப் பொம்பளை கையும் படக்கூடாதுன்னு ஊருக்கு முன்னாடி சொன்னவரு இருக்காரு. ஊருக்கு முன்னாடியே கேக்கட்டும்."

ஊதுகுழல்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். தேசிமிர் எழுந்தான். மில் வாசலில் முதலாளி வரும்போது நிற்பது போல நின்றான். பிறகு அந்த நாலடியைக் கடந்து வந்தான்.

"அதைக் குடு விதோ."

"எதை?"

"அந்தப் பச்சையை."

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. கேனைப் பார்த்தான். காரைப் பார்த்தான். மறுபடி கேனைப் பார்த்தான். ஊரே அவனோடு சேர்ந்து கணக்குப் போட்டது. மித்ரோவ் திருநாள், காய்ச்சப் போகிற ஒரு வாரம், திரும்பி வந்ததும் பச்சை.

"அப்போ... இத்தனை வருஷமா உள்ள பச்சையா இருந்துச்சே, அது?"

விதோசாவா எழுந்து பாவாடையிலிருந்த பனியைத் தட்டினாள்.

"செம்பு" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. போகொசாவ் மட்டும் எங்கோ பின்னால் நின்று, "என் ரேடியேட்டரு!" என்று முனகினான்.

விதோசாவா இன்ஜினைத் தொட்டுப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்றாள். அடியில் கைவிட்டுத் திருகைத் திறந்து, மிச்சமிருந்த சாராயத்தைப் பனியில் வடியவிட்டாள். திருகை மூடினாள். மேலிருந்து அவசரப்படாமல் ஊற்றினாள். ஹீட்டரை முழுக்கத் திறந்துவைத்து வண்டியைக் கிளப்பச் சொன்னாள், காற்றுக் குமிழியெல்லாம் வெளியேறும் வரை காத்தாள், மட்டம் இறங்கியதும் மறுபடி கொஞ்சம் ஊற்றினாள். இருட்டில் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி, பார்க்காமலே கை போயிற்று. தேசிமிர் நல்ல கையால் புனலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யார் அத்தை உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று திவ்னா கேட்டாள்.

"டப்பா மேலேயே எழுதியிருக்கும்மா. பாதிக்குப் பாதி தண்ணி, ஆறின பிறகு மூடியத் திற, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கணும். படிச்சேன்."

உச்சியில் போட்டோக்காரன் விறைத்துப்போய் நின்றிருந்தான். யாரும் நிறுத்தவில்லை. ஒன்றரை அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சிவப்புக் கார் தேவாலய வாசலுக்குள் நுழைந்தது. சுட்ட கையால் கியர் போட முடியாததால் திவ்னாவே ஓட்டிவந்தாள், முக்காட்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு. தேசிமிர் பின்சீட்டில் மணப்பெண் இடத்தில் உட்கார்ந்திருந்தான். பாதிரியார் பெண்ணை மோந்தார், மாப்பிள்ளையை மோந்தார், தேசிமிரை மோந்தார், பெருமூச்சு விட்டுவிட்டுச் சடங்கைத் தொடங்கினார்.

விருந்தில் மாப்பிள்ளையின் அப்பா எழுந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும். தேசிமிர் கட்டுப் போட்ட கையோடு எழுந்தான், மறு கையில் கோப்பை. பந்தல் முழுக்க முழங்கையால் இடித்துக்கொண்டது. இன்றைக்காவது வாயை மூடிக்கொள்வான் என்று நான் என் தொப்பியைப் பந்தயம் வைத்திருந்தேன்.

"என் காருமேல" என்று ஆரம்பித்தான், "இன்னைக்கு வரைக்கும் ஒரு வொர்க்‌ஷாப்காரன் கை பட்டது கிடையாது."

பந்தலே விதோசாவா பக்கம் திரும்பியது. அவள் முட்டைக்கோஸ் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

தேசிமிர் கோப்பையை அவள் பக்கமாகத் தூக்கினான்.

"வொர்க்‌ஷாப்காரன் கைன்னுதானே எப்பவும் சொன்னேன்?"